கருவேப்பிலைக் கன்றும் கண்ணாடிப் பெட்டியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ரொறன்ரோவிலிருந்து சித்தியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். ஆவணியில் அங்கு நடைபெறவிருக்கும் குடும்பத் திருமணம் ஒன்றுக்கு நான் போவதாக இருக்கின்றேன். அதுபற்றிப் பேசி முடித்த பின்னர், சற்றுத் தயங்கியவாறு ஒரு வேண்டுகோளை முன்வைத்தான்.

"அண்ணை, வரேக்க எங்கட தெல்லிப்பழை வளவில நிக்கிற கருவேப்பிலையில ஒரு கன்று கிண்டிக்கொண்டு வாங்கோ. சின்ன ரின் ஒண்டுக்க வைச்சா சூட்கேசுக்கையே கொண்டு வரலாம்தானே? பல்கனியில சாடித்தோட்டம் ஒண்டு போடுவம் எண்டு யோசிக்கிறன். முதல் சாடி அம்மாவின்ர மரமா இருக்கட்டும்."

அந்த வளவை நான் அறிவேன். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சித்தி குடும்பத்தோடு அங்கிருந்து வெளியேறினார். அதன் பின் அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் உறங்கியதில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த அக்காணி, பல ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டபோது சித்தி உயிரோடு இல்லை. ஊரிலிருந்து தம்பியும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள் மட்டும் கிடந்தன. கிணற்றடியில் நின்ற பழைய கருவேப்பிலை மரமும் இல்லை. ஆனால், அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் பற்றையோடு பற்றையாக நின்றன. தம்பி ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான்.

ஆகவே அந்த வேண்டுகோளை மறுப்பது எளிதன்று. "பார்ப்பம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆயினும், அந்தக் கன்றை நான் கொண்டு போகக்கூடாது என்பது அப்பொழுதே எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் கூடாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சட்டம் இடங்கொடாது என்று. ஆனால் அச்சட்டத்தின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. செடியைச் சட்டியில் வைத்துக் கடல் கடத்திய மனிதனின் வரலாறு அது. நமது நாட்டின் மலைகளையும், அம்மலைகளில் வாழும் மக்களின் விதியையும் மாற்றிய வரலாறும் அதுவேயாகும். தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை, வாசகர்களோடும் பகிர்ந்து கொள்ளலாம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

சட்டியில் பயிர்

மண்ணில் நிற்க வேண்டிய செடியை மண்ணோடு பெயர்த்துக் கலத்தில் வைக்கும் வழக்கம் மிகவும் தொன்மையானது. எகிப்தில் தேர் எல் பஹாரி என்னுமிடத்தில் ஹட்செப்சுட் அரசி எழுப்பிய கோயிற் சுவர்களில், பூண்ட் எனப்பட்ட தேசத்திலிருந்து நறுமணப் பிசின் தரும் மரங்களை வேர்மண்ணோடு கூடைகளில் வைத்து ஆட்கள் காவி வரும் காட்சி செதுக்கப்பட்டிருக்கின்றது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிற்பமே, செடி ஒன்று நாடு விட்டு நாடு பெயர்ந்ததைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றாகும்.

பண்டைய ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள், அடோனிஸ் என்னும் இளந்தெய்வத்தின் நினைவாகக் கோடையில் உடைந்த மட்பாண்டங்களில் சலாதும் பெருஞ்சீரகமும் தானியங்களும் விதைத்துக் கூரை மேல் வைப்பர். அவை விரைவாக முளைத்து, வெயிலில் விரைவாகவே வாடிப்போகும். வேர் பிடிக்காத எதற்கும் 'அடோனிசின் தோட்டம்' என்று பெயர் சொல்லும் வழக்கம் அதனாலேயே உண்டாயிற்று. பிளேட்டோவும் தமது உரையாடல் ஒன்றில் இதனை எடுத்தாண்டிருக்கின்றார்.

இதனைப் படிக்கும்போது நமக்கு முளைப்பாலிகை நினைவுக்கு வராமற் போகாது. பொன்னுருக்கும் நாளில் நவதானியத்தை மண் நிரப்பிய சட்டிகளில் இட்டு நீர் தெளிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் இன்றும் உண்டு. கண்ணகியின் திருமணத்திலேயே பாலிகையும் முளைக்குடமும் ஏந்திய மகளிர் வருவதைச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல் காட்டுகின்றது. கிரேக்கப் பெண்கள் வாடுவதற்காக விதைத்தார்கள். நம்மவர்கள் தழைப்பதற்காக விதைத்தார்கள். கலம் ஒன்றே, கருத்து வேறு.

ரோமர் காலத்துப் பொம்பேய் நகரின் தோட்டங்களில், அடியிலும் பக்கங்களிலும் துளையிடப்பட்ட நாற்றுச் சட்டிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சட்டித் தோட்டத்தின் முதற்பாடமாகிய 'நீர் வடிய வழி வை' என்பதை மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கற்றுவிட்டான் என்பதற்கு இச்சட்டிகளே சான்று. பிற்காலத்தில் பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரையான காலத்தில் தோடை மரங்களுக்கென்றே பெரும் மாளிகை ஒன்று கட்டப்பட்டது. மரப்பெட்டிகளில் நின்ற அம்மரங்கள் கோடையில் வெளியேயும் குளிர்காலத்தில் உள்ளேயுமாக அரச மரியாதையோடு நகர்த்தப்பட்டன. ரொறன்ரோவில் கருவேப்பிலைச் சாடியை ஐப்பசியில் உள்ளே தூக்கிச் சித்திரை கழிந்தபின் வெளியே வைக்கும் நம்மவர் ஒவ்வொருவரும், தம்மையறியாமலே பதினான்காம் லூயி மன்னனின் வழியைத்தான் பின்பற்றுகின்றார்கள்.

கடலில் ஒரு தோட்டம்

அரண்மனை முற்றத்தில் மரத்தை நகர்த்துவது வேறு. மாதக்கணக்காகக் கடலில் காப்பாற்றுவது வேறு. உப்புக் காற்று இலையைக் கருக்கும். நன்னீர் மனிதனுக்கே போதாது. எலியும் புயலும் எஞ்சியதை முடித்துவிடும். 1720களில் கோப்பிக் கன்று ஒன்றை மார்த்தினிக் தீவுக்குக் கொண்டு சென்ற டி கிளியூ என்னும் பிரெஞ்சு அதிகாரி, தமக்குக் கிடைத்த குடிநீரைக் கன்றோடு பகிர்ந்துகொண்டதாகத் தாமே பின்னாளில் எழுதி வைத்தார்.

இதனினும் பெரிய முயற்சி 'பவுண்டி' கப்பலுடையது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஆபிரிக்க அடிமைகளுக்கு மலிவான உணவு தேவைப்பட்டது. தாஹிட்டித் தீவின் ஈரப்பலா அதற்கு உகந்தது எனப் பிரித்தானியர் முடிவு செய்தனர். கப்டன் பிளை தமது பெரிய அறையையே சட்டிகளுக்கு விட்டுக்கொடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு 1789 ஏப்ரலில் தாஹிட்டியை விட்டுப் புறப்பட்டார். அம்மாதம் 28ஆம் திகதி மாலுமிகள் கிளர்ந்தெழுந்து அவரைப் படகொன்றில் இறக்கிவிட்டனர். கன்றுகளைக் கடலில் வீசினர். இரண்டாம் பயணத்தில்தான், 1793ஆம் ஆண்டில், ஈரப்பலா மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டிகள் அழகுக்காகக் கப்பலேறவில்லை. ஓர் இனத்தைப் பிடித்துவந்து வேலை வாங்கியவர்கள், அவர்களுக்கு இடும் உணவின் செலவைக் குறைப்பதற்காகவே ஒரு மரத்தை இடம்பெயர்த்தார்கள். செடியின் பயணத்துக்குப் பின்னால் மனிதரின் பயணம் ஒன்று இருப்பதை இனி வரும் கதையிலும் காண்போம்.

வைத்தியர் வார்டின் போத்தல்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்துக்கு அண்மையில் வெல்குளோஸ் சதுக்கம் என்றோர் இடம் உண்டு. அங்கு நதானியேல் பாக்ஷோ வார்ட் (1791 - 1868) என்னும் வைத்தியர் வாழ்ந்தார். ஏழைத் தொழிலாளர் நிறைந்த பகுதி அது. வைத்தியருக்குச் செடிகளில் தீராத மோகம். வீட்டின் பின்புறத்தில் கற்களை அடுக்கிப் பன்னச் செடிகளை வளர்க்க முயன்றார். நிலக்கரிப் புகை அவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றது.

1829ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு மூடிய போத்தலில் இட்டு, பூச்சி வெளிவருகின்றதா எனப் பார்த்துக் கொண்டிருந்தார். பூச்சிக்கு முன்னரே வேறொன்று வந்தது. மண்ணில் சிறு பன்னச் செடியும் புல்லும் முளைத்திருந்தன. தோட்டத்தில் உயிர் பிழைக்காதது போத்தலுக்குள் பிழைத்தது எவ்வாறு? வைத்தியர் உற்று நோக்கினார். பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. பின்னர் துளியாகி மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. புகை உள்ளே வரவில்லை. ஈரம் வெளியே போகவில்லை. ஒளி மட்டும் தடையின்றி வந்தது. உலகில் மழை பெய்யும் முறையே ஒரு சிறு போத்தலுக்குள் நடந்து கொண்டிருந்தது.

ஹக்னியில் புகழ்பெற்ற நாற்றுப்பண்ணை வைத்திருந்த லொடிஜஸ் என்பாரின் துணையோடு, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டிகளை வார்ட் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் அத்தகைய இரு பெட்டிகள் சிட்னிக்குக் கப்பலேறின. செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. மறு பயணத்தில் அவுஸ்திரேலியச் செடிகள் அவற்றில் நிரப்பப்பட்டன. கொம்பு முனையின் கடும் குளிரையும் நிலநடுக்கோட்டின் வெப்பத்தையும் தாண்டி, எவரும் நீர் வார்க்காமலே அவை இலண்டனுக்குப் பசுமையோடு வந்து சேர்ந்தன. முன்னர் இருபது செடிகளை ஏற்றினால் பத்தொன்பது சாகும். இப்பொழுது பத்தொன்பது பிழைக்கின்றன என்று லொடிஜஸ் கூறியதாகச் சொல்வர்.

வார்ட் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் செல்வமும் சேர்க்கவில்லை. 1842ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில், இப்பெட்டிகள் ஏழைகளின் வாழ்வை எவ்வாறு மேம்படுத்தக்கூடும் என்பதற்கென்றே தனியானதோர் அத்தியாயம் உண்டு. புகை மண்டிய சந்தில் குடியிருக்கும் தொழிலாளியின் சாளரத்தில் ஒரு துண்டுப் பசுமை இருக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால் அக்காலத்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. அது நீக்கப்பட்டது 1845இல்தான். பெட்டி ஏழையின் சாளரத்துக்குப் போகுமுன் செல்வரின் வரவேற்பறைக்குப் போயிற்று. அதற்கும் முன்பாகப் பேரரசின் கப்பல்களில் ஏறிவிட்டது.

பெட்டிகள் கிழக்கே வந்த கதை

ரொபர்ட் ஃபோர்ச்சூன் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1848ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனாவுக்குள் வேடமிட்டு நுழைந்தார். தேயிலை விதைகளை அவர் வார்டின் பெட்டிகளில் மண்ணோடு சேர்த்து விதைத்து அனுப்பினார். கடலிலேயே அவை முளைவிட்டன. ஏறத்தாழ 20,000 கன்றுகள் இவ்வாறு இமயமலைச் சாரலை அடைந்தன.

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் தரும் சிங்கோனா மரமும் இப்பெட்டிகளிலேயே தென்னமெரிக்காவை விட்டுப் புறப்பட்டது. மார்க்கம் என்பவர் பெருவிலிருந்து கொண்டு வந்த கன்றுகளைச் செங்கடலின் வெப்பம் அழித்தது. ஆனால் ஸ்புரூஸ், குரொஸ் என்னும் இருவரும் ஈக்குவடோரில் சேகரித்த அறுநூறுக்கு மேற்பட்ட கன்றுகளுள் பெரும்பகுதி 1861ஆம் ஆண்டில் நீலகிரியை உயிரோடு அடைந்தது. அதே ஆண்டில்தான் நமது நாட்டில் நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலத் தோட்டம் சிங்கோனாவுக்கென்றே தொடங்கப்பட்டது. இன்று ரோசாப்பூப் பார்க்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர், அது ஒரு மருந்துப் பட்டைக்காகப் பிறந்த தோட்டம் என்பதை அறிவோம்?

இறப்பரின் கதை இன்னும் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. 1876ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹென்றி விக்கம் என்பவர் அமேசன் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு வந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 1,919 கன்றுகள் வார்டின் 38 பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பூங்காவின் தோட்டக்காரர் ஒருவரின் பாதுகாப்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உயிரோடு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொட என்னுமிடத்தில் அவற்றுக்கெனத் தோட்டம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. நாற்பது ஆண்டுகள் நிறைவதற்குள் ஆசியத் தோட்டங்களின் இறப்பர், பிரேசிலின் காட்டு இறப்பரை உலகச் சந்தையில் முந்திவிட்டது.

இக்கன்றுகளின் பின்னால் தமிழர் சென்றனர். மலாயாவின் இறப்பர்க் காடுகளுக்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலிகளாகப் பல இலட்சம் மக்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அதே நாட்டின் புகையிரதப் பகுதிக்கும் அரச அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். நமது ஊர்களில் 'மலாயன் பென்சனியர்' கட்டிய பெரிய கல்வீடுகளைக் கண்டவர்கள், கியூ பூங்காவின் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் அந்த வீடுகளுக்கும் இருந்த உறவை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நமது தேயிலையைப் பொறுத்தவரை ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் விதையாகவே வந்தது. 1839ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து அசாம் விதைகள் பேராதனைக்கு வந்தன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆனால் தேயிலை இந்நாட்டை ஆளத் தொடங்கியதற்குக் காரணம் வேறொரு பயணி. எவரும் அழைக்காமல் வந்த பயணி அவர்.

அழையாத பயணி

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத்தூள் காணப்பட்டது. பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளர் துவெய்ற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு அப்பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார்கள். பெயரின் இரண்டாம் பகுதிக்குப் பேரழிவு செய்வது என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் சாம்பலாயிற்று. நோயை ஆராய்வதற்கு 1880ஆம் ஆண்டில் வந்த விஞ்ஞானியின் பெயரும் வார்ட் என்பதுதான். மார்ஷல் வார்ட், இவர் வேறொருவர். ஒரே பயிரை மலை முழுவதும் இடைவெளியின்றி நட்டதே நோய் இவ்வளவு விரைவாகப் பரவக் காரணம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தோட்டத்துரைமார் முதலில் சிங்கோனாவைப் பிடித்தார்கள். அளவுக்கு மீறிப் பயிரிட்டதால் அதன் விலை வீழ்ந்தது. பின்னர் தேயிலையைப் பிடித்தார்கள்.

செடி பயணம் செய்யும்போது தனியே பயணம் செய்வதில்லை என்ற உண்மை அப்பொழுதுதான் மெல்ல மெல்ல உறைத்தது. ஒரு பிடி மண்ணில் முட்டையும் புழுவும் பூஞ்சண வித்தும் இருக்கும். கடுங்கடலில் கன்றைக் காத்த கண்ணாடிப் பெட்டி, அவற்றையும் அதே கருணையோடு காத்துக் கரை சேர்த்தது. இருபதாம் நூற்றாண்டில் நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தத் தொடங்கின. அமெரிக்கா 1912ஆம் ஆண்டில் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் 1924ஆம் ஆண்டில் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதனிடத்தில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இன்றுள்ளது. விமானமும் பொலித்தீன் பையும் வந்தபின் வார்டின் பெட்டியே வழக்கொழிந்தது.

தம்பியின் கருவேப்பிலைக்கு இப்பொழுது வருகின்றேன். கருவேப்பிலை, தோடை, எலுமிச்சை இவையாவும் ஒரே குடும்பம். தோடை மரங்களைக் கொல்லும் நோய் ஒன்றைப் பரப்பும் மிகச் சிறிய தெள்ளுப்பூச்சி, கருவேப்பிலைத் தளிரிலும் முட்டையிட்டு வாழும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1998ஆம் ஆண்டில் அப்பூச்சி காணப்பட்டது. 2005இல் நோயும் கண்டறியப்பட்டது. உலகப் புகழ்பெற்ற அதன் தோடைத் தோட்டங்கள் அதன் பின் நிமிரவே இல்லை. நமது பக்கத்திலும் பாடம் உண்டு. 2008ஆம் ஆண்டில் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையிலும் தமிழகத்திலும் புகுந்து, வீட்டு வளவுகளில் நின்ற பப்பாசி மரங்களை வெண்பஞ்சு போர்த்தியது போல் ஆக்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். சூட்கேசுக்குள் வைக்கப்படும் ஒரு சிறு ரின்னும், கப்பலில் ஏறிய கண்ணாடிப் பெட்டியின் தம்பிதான்.

மண் இல்லாதவர்களின் தோட்டம்

வார்ட் கண்ட கனவின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. செடிகளைச் சட்டியில் ஏற்றி வந்தவர்கள், அச்செடிகளுக்கு மலையையே கொடுத்தார்கள். அச்செடிகளைப் பேண வந்த மக்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, உடன் படித்த நண்பன் ஒருவன் தன் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றான். லயத்து வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. அதன் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. யாழ்ப்பாணத்தில் நாம் விறாந்தை என்பதைத்தான் மலையகத்தில் இஸ்தோப்பு என்பார்கள். முன்னது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பின்னது ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அந்த இஸ்தோப்பின் விளிம்பில், பால்மா ரின்களிலும் ஓட்டை விழுந்த வாளியிலும் சிவப்பு ஜெரேனியமும் புதினாவும் நின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் மலைச்சரிவெங்கும் அவர்களுடைய கைகள் வளர்த்த பச்சை. அதில் ஒரு செடிதானும் அவர்களுடையதன்று. ரின்னில் நின்றவை மட்டுமே அவர்களுக்குச் சொந்தம்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. நாற்றுகளைப் பெட்டியில் எண்ணியது போலவே மனிதரையும் எண்ணினார்கள். 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமையே முதன்மையானது. ஏழு பேர்ச்சஸ் காணிக்கே இன்னும் வழக்காட வேண்டியிருக்கின்றது.

சித்தியின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. தெல்லிப்பழையை விட்ட பின், மல்லாகம், கொக்குவில், 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வில் சாவகச்சேரி, பின்னர் வன்னி, முடிவில் கொழும்பு என்று அவர் குடியிருந்த வாடகை வீடுகளும் கொட்டில்களும் பத்துக்குக் குறையாது. ஒவ்வோரிடத்திலும் முதல் வாரத்திலேயே உடைந்த பானையோ பெயின்ற் வாளியோ தேடி, ஒரு பச்சை மிளகாயும் ஒரு கருவேப்பிலையும் வைத்துவிடுவார். நிலத்தில் வைத்தால் நன்றாக வளருமே என்று ஒருமுறை கேட்டேன். "மற்றவையின்ர வளவில மரம் வைக்கிறேல்லையடா தம்பி. விட்டிட்டுப் போகேக்க மனம் கேளாது. சட்டியெண்டால் தூக்கிக்கொண்டு போகலாம்" என்றார். ஆனால் தூக்கிக்கொண்டு போக ஒரு தடவையும் அவருக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் சட்டிகள் அயலவருக்கே போயின.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்து, அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குவதற்கு அமைச்சரவை அனுமதித்தது. கொழும்பில் மாடிவீட்டில் குடியிருந்த எனக்கும் வாளிகள் தேடும் வேளை வந்தது. எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் மூன்று உரப்பைகளில் வளர்ந்த பசளிக்கீரை எங்கள் வயிற்றை நிரப்பியது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளில் ஒரு வேளையாவது, நம் கையில் ஏதோ இருக்கின்றது என்ற எண்ணத்தைத் தந்தது. சித்தியை அப்பொழுதுதான் முழுமையாக விளங்கிக் கொண்டேன்.

தம்பிக்குச் சில சொற்கள்

ஆகவே தம்பி, ரின்னில் கன்று வராது. கோபிக்க வேண்டாம். அங்கேயே முறையாக விற்கப்படும் கருவேப்பிலைக் கன்று ஒன்றை வாங்கு. முதலில் ஆறங்குலச் சாடி போதும். கன்று சிறிதாகவும் சாடி பெரிதாகவும் இருந்தால் வேர் தொடாத மண்ணில் நீர் தேங்கி அழுகும். வேர் சாடியை நிரப்பியதும் அடுத்த அளவுக்கு மாற்று. அடியில் துளை இல்லாத சாடி எவ்வளவு அழகானதாயினும் வேண்டாம். துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும். கற்களைத் தடிப்பாகப் பரப்பினால் நீர் விரைவாக வடியும் என்று நம் பெரியவர்கள் நம்பியது சரியன்று. ஈரம் கல்லுக்கு மேலேயே தங்கி வேரை நெருங்கும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பின்பே நீர் ஊற்று. இரவு வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸை நெருங்கும்போது உள்ளே தூக்கி, தெற்குச் சாளரத்தருகே வை. குளிர்காலத்தில் இலை உதிரும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதே. நீரைக் குறைத்துப் பங்குனி வரை பொறுத்திரு. பூ அரும்பினால் நுனியைக் கிள்ளிவிடு, இலை பெருகும். ஈரமண் நிறைந்த சாடிகள் மிகவும் பாரமானவை; பல்கனியில் எவ்வளவு வைக்கலாம் என்று கட்டட நிருவாகத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்னர், கடையில் மண்ணுக்குப் பதிலாக ஏதோ கட்டி ஒன்று தந்தார்கள், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கின்றது, அதில் கருவேப்பிலை வருமா என்று கேட்டான். அது தும்புச்சோறு. தேங்காய்மட்டையிலிருந்து தும்பை எடுத்தபின் எஞ்சுவது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தென்னந்தோப்புப் பகுதிகளிலிருந்து இன்று உலகெங்கும் கட்டிகளாக ஏற்றுமதியாகின்றது. கூட்டெருவும் கொஞ்சம் மணலும் கலந்தால் நன்றாக வரும் என்றேன். பொதியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஓம் அண்ணை, இலங்கையில செய்தது எண்டுதான் போட்டிருக்கு" என்றான். "அப்ப இதையே முதல் சாடிக்குப் போடுறன்."

ஆவணியில் போகும்போது பார்த்துவிட்டு எழுதுகின்றேன்.